வெள்ளிக்கு ஒரு கண்

அஸ்தினாபுரம்
12 பிப்ரவரி 2007

டாக்டர் ஆபேல் தனசிங் அவர்களுக்கு,

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். உங்கள் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்துக் கிண்டி அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவை வேறு யாரோ எழுதிக்கொண்டு வந்து, கண் தெரியாத கிழவியிடம் கையெழுத்து வாங்கிப் போனதாகச் சபையில் பேசிக்கொள்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது உங்கள் மனைவி ஜோவிதா என்றும் கேள்விப்பட்டேன். அதை நிரூபிக்க முடியாததால் குற்றமாக எழுதவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மனுவின் பதினோரு பக்கங்களையும் நானே எழுதினேன், நானே தட்டச்சு செய்தேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விண்ணப்பம் வெளியான பிறகு அதை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மறந்துவிட்டது என்று பிறகு நீங்கள் சொல்லக் கூடாது.

என் கணவர் டாக்டர் அசரியா இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பதினாறு வருடம் சனிக்கிழமை தோறும் யானைக்கால் நோயாளிகளைப் பார்த்தார். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, விடிந்ததும் கால் தரையில் படுவதற்கு முன் ஒரு தோலுறையை மாட்டுவது அவர் முறை. உறையின் முன்பக்கம் பூட்ஸுக்கு இருப்பது போல இரண்டு வரிசைத் துளைகள், கண்கள் என்போம், அவற்றில் நாடா. எல்லாக் கண்களையும் ஒரே நாளில் இறுக்கக் கூடாது. பாதத்திலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒரு கண். மூன்று மாதத்தில் தூண் போன்ற கால்கள் செருப்புக்குள் நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1994இல் நீங்கள் அவரிடம் வந்தீர்கள். மூன்று வருடம் என் சமையலறையில் சாப்பிட்டீர்கள். அவர் இறந்தபோது பெட்டியின் முன்கைப்பிடியை நீங்கள்தான் தூக்கினீர்கள். 2004 கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து, சாருக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று சொல்லிப் பதினோரு பதிவேடுகளையும் வாங்கிப் போனீர்கள். மலர் வரவில்லை. போன அக்டோபரில் நம் பகுதி வாரப் பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. கையில் அந்தத் தோலுறை. கீழே, ‘புதிய சிகிச்சைக்குக் காப்புரிமை கோரும் தாம்பரம் மருத்துவர்’ என்று போட்டிருந்தார்கள்.

எனக்கு மூன்று வேண்டும். உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட வேண்டும். அந்த முறை டாக்டர் அசரியாவுடையது என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு பதிவேடுகளும் என் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் நடக்கும்வரை நான் சாகப்போவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எனக்குச் சுலபம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் வக்கீலிடம் கொடுத்துவிடுவீர்கள். தமிழில் எழுதினால் நீங்களே படித்தாக வேண்டும்.

ரத்தினபாய் அசரியா


கிழக்குத் தாம்பரம்
21 பிப்ரவரி 2007

அன்புள்ள ஆன்ட்டி,

ஐந்து தடவை ஃபோன் செய்தேன். ஐந்து தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. கடிதத்தில் மற்ற எதையும்விட அதுதான் உறுத்தியது.

நினைவு மலர் போடத்தான் பதிவேடுகளை வாங்கினேன். அது பொய் இல்லை. படிக்கப் படிக்கத்தான் அதில் என்ன இருக்கிறது என்று புரிந்தது. சார் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. நான் எத்தனையோ தடவை சொன்னேன். “போடா, கால் குறைஞ்சா போதும், காகிதம் எதுக்கு?” என்றார். அவர் போன பிறகு பத்து வருடம் இந்தக் கால்களை யார் பார்த்தது? நீங்கள் கீழ்த்தளத்தைப் பூட்டிவிட்டீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றவர்களை நான்தான் என் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காப்புரிமை இல்லாவிட்டால் இந்த உறையைப் பெரிய அளவில் தயாரிக்க யாரும் முன்வர மாட்டார்கள். நான் வாங்காவிட்டால் நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வாங்குவான். அப்போது நீங்கள் அவனுக்குத் தமிழில் கடிதம் எழுத முடியாது.

விண்ணப்பத்தில் சாருடைய பெயரைப் போட்டிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். இறந்தவர் பெயரைச் சேர்த்தால் வாரிசுக் கையெழுத்து, அது இது என்று இழுக்கும் என்றார் என் காப்புரிமை ஏஜென்ட் தோத்தாத்ரி. உங்களிடம் வந்து கேட்கப் பயமாக இருந்தது. உங்களுக்குத் தெரியும், எனக்கு உங்களைப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் பயம்.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டும் வார்டுக்கு சாருடைய பெயரை வைக்கிறேன். கிரானைட்டில் பொறித்து, வாசலிலேயே வைக்கலாம். ஜோவிதா அப்படி எதுவும் பேசவில்லை என்கிறாள்.

உங்கள்
ஆபேல்


அஸ்தினாபுரம்
3 மார்ச் 2007

டாக்டர் ஆபேல் தனசிங் அவர்களுக்கு,

கிரானைட் வேண்டாம். கல்லில் பெயர் வெட்டுவது செத்தவர்களுக்கு. அவர் பெயர் காகிதத்தில் வேண்டும், நீங்கள் எடுத்த அதே காகிதத்தில்.

நீங்கள் பயந்ததாக எழுதியிருப்பதை நம்புகிறேன். பயந்தவர்கள் கேட்டுவிட்டு எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கீழ்த்தளத்தை நான் பூட்டியது உண்மை. டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் இருப்பது போல நடிக்க எனக்குத் தெரியாது.

உங்கள் விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படித்தேன். ‘விண்ணப்பதாரர் தமது மருத்துவப் பணியின்போது கண்டறிந்தது’ என்று நான்கு இடத்தில் வருகிறது. அதற்கு ஆதாரமாக வைத்திருக்கும் பல்லாவரத்து நோயாளி மூன்றாம் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறார். ஆண்டு 1983. அந்த வருடம் நீங்கள் நாகர்கோவிலில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தீர்கள். அதைவிட அழகு, பின்னிணைப்பாக வைத்திருக்கும் பக்கங்கள். அவை உங்கள் குறிப்புகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் கையெழுத்து. சனிக்கிழமை அவர் துண்டுத் தாள்களில் கிறுக்கியதை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நான் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதுவேன். பதினாறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். ஓர் எழுத்து கோணினாலும் விரல் முட்டியில் அடிக்கிற சிஸ்டர் பெனடிக்டாவிடம் கற்ற எழுத்து. அதை உங்களுடையது என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? உங்கள் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர்கூடப் படிக்கத் தயங்குவார்.

இன்னொன்றையும் மனுவில் எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்துவிட்டுத் தூங்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் ‘ஏழு நாளுக்கு ஒரு கண்’ என்று இருக்கிறது. ஆனால் உங்கள் நோயாளிகளிடம் இன்றைக்கும் ‘வெள்ளிக்கிழமை இறுக்கு’ என்றுதான் சொல்கிறீர்கள். விசாரித்துவிட்டேன். ஏன் வெள்ளிக்கிழமை? கிளினிக் சனிக்கிழமை ஆயிற்றே. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவருடைய உபவாச நாள். இருபது வயதிலிருந்து வெள்ளியன்று மாலை வரை தண்ணீர்தான். முக்கியமான எதையும் அந்த நாளில்தான் தொடங்குவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்து மாதிரி. நீங்கள் புரியாமல் அதையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். அதைக் கொடுக்கப் போன அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். குரோம்பேட்டையில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, அலுவலகத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்த பியூன், “இன்னா பாட்டி, பென்ஷன் ஆபீசு இது இல்ல. வழி தவறி வந்துக்கீற” என்றான்.

“நான் பாட்டி இல்லப்பா. மனு குடுக்க வந்திருக்கேன்.”

“மருந்து எதுனா கண்டுபுடிச்சிக்கீறியா?”

“இல்ல. எதையும் கண்டுபிடிக்காத ஒருத்தரைக் கண்டுபிடிச்சிருக்கேன்.”

சிரித்துவிட்டு நாற்காலி போட்டான். உங்களைவிட அவனுக்கு மரியாதை தெரிந்திருந்தது.

ரத்தினபாய் அசரியா


கிழக்குத் தாம்பரம்
14 ஜூலை 2007

ஆன்ட்டி,

செவ்வாய்க்கிழமை விசாரணையில் நடந்ததை நீங்கள் இந்நேரம் சபை முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

அதிகாரி உங்களிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, ஒரு வரி எழுதச் சொன்னார். அவர் கொடுத்த பேனாவை வாங்காமல் கைப்பையிலிருந்து உங்கள் மைப்பேனாவை எடுத்தீர்கள். 1983ஆம் வருடத்துப் பல்லாவரம் நோயாளியின் குறிப்பைப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து எழுதினீர்கள். அதிகாரி அதை என் பின்னிணைப்புக்குப் பக்கத்தில் வைத்தார். தோத்தாத்ரி என் காதில், “இதை உங்க நோட்ஸுன்னு ஏன் சார் சொன்னேள்?” என்றார். “நான் எங்கே சொன்னேன்? நீங்கதானே டைப் அடிச்சீங்க” என்றேன். அத்தனை அவமானத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்தால், நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வெளியே தாழ்வாரத்தில், அந்தப் பியூன், இரண்டு ஜூனியர் வக்கீல்கள், ஜோவிதா எல்லாரும் நிற்கும்போது என்னைத் திருடன் என்றீர்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே திருமுடிவாக்கத்துக்குப் போனேன். சாருக்கு உறை தைத்துக் கொடுத்த அமீருதீன் பாயை நினைவிருக்கிறதா? அப்போது குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் இருந்தார். இப்போது தொழிற்பேட்டையில் மகனுடைய ஷெட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து வெல்டர்களுக்குக் கையுறை தைக்கிறார். சார் எழுதிய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். என் விண்ணப்பத்தைக் காப்பாற்ற ஏதாவது ஒரு துண்டு கிடைக்குமா என்று பார்த்தேன். அதை மறைக்கவில்லை.

“ஒண்ணு கீது தம்பி. கடாசல. அது பின்னாலதான் பேட்டர்ன் வரைஞ்சி வெச்சிக்கீறேன்” என்றார். உறையின் அளவை வரைந்த தாள். திருப்பினால் சாருடைய எழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

‘அமீர் பாய், இனி எல்லாருக்கும் உங்கள் வீட்டு அம்மா சொன்ன முறைதான். கீழ்க்கண்ணிலிருந்து, வெள்ளிக்கு ஒரு கண். எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியது. மூன்று உறை தைத்து அனுப்பவும். 19.9.81.’

அது என்ன வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அன்னிக்குத்தானே எனக்கு மதியத்துக்கு மேல வேலை கெடையாது. தொழுதுட்டு வூட்டுக்கு வந்து பொஞ்சாதி குல்ஷனுக்கு நாடா கட்டி வுடுவேன். அவளால குனிய முடியாதுல்ல. இதுல இன்னா தம்பி ரகசியம் கீது?”

உபவாசம் இல்லை ஆன்ட்டி. ஜும்ஆ தொழுகை.

அந்தத் தாளின் நகலை நேற்று கிண்டியில் கொடுத்துவிட்டேன். இது என் விண்ணப்பத்துக்கும் குழி தோண்டும் என்று தோத்தாத்ரி தலையில் அடித்துக்கொண்டார். தோண்டட்டும். எனக்கு இல்லாவிட்டால் உங்கள் கணவருக்கும் இல்லை.

ஆபேல்


அஸ்தினாபுரம்
18 ஜூலை 2007

டாக்டர் ஆபேல் தனசிங் அவர்களுக்கு,

உங்களைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. ‘எடுத்ததைத் திருப்பித் தராதவர்’ என்றேன். அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று நினைத்தவர் நீங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் சீட்டை நான் நம்பவில்லை. அவர் என்னிடம் சொல்லாத விஷயம் எதுவும் இல்லை. அதன் நகலை இருபக்கமும் எடுத்து எனக்கு அனுப்பவும். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும்.

ரத்தினபாய் அசரியா


கிழக்குத் தாம்பரம்
29 அக்டோபர் 2007

திருமதி ரத்தினபாய் அசரியா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட சீட்டின் நகலை ஜூலையிலேயே அனுப்பினேன். பதில் இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சந்தோஷமாக இருக்கும். ஆனால் நீங்கள் எதையும் முழுசாகப் படிக்கிறவர். முழுசாகப் படியுங்கள்.

முதல் காரணம்: மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறை எதுவானாலும் நம் சட்டத்தில் அது கண்டுபிடிப்பு ஆகாது. யார் கேட்டாலும் கிடையாது. இரண்டாவது காரணம்: 1984இல் சபைப் பத்திரிகையில் நீங்கள் எழுதி, இப்போது மனுவோடு இணைத்திருந்த கட்டுரையிலேயே இந்த முறை வெளியாகிவிட்டது, அதனால் புதியதும் அல்ல. கடைசிப் பத்தி: ‘இம்முறையை முதலில் கண்டவர் யார் என்ற கேள்விக்குள் இவ்வலுவலகம் செல்லவில்லை.’

முதல் காரணம் ஒன்றே போதுமாயிருந்தது என்கிறார் தோத்தாத்ரி. உறையை ஒரு பொருளாகக் காட்டி, கேட்கிற விதத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று முயன்றார். அதுவும் எடுபடவில்லை. ஆக, உங்கள் பதினோரு பக்கம் இல்லாமலும் இது மறுக்கப்பட்டிருக்கும். நீங்கள் ரயிலேறிப் போயிருக்க வேண்டாம். என்னைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்திருக்க வேண்டாம். சாருடைய பெயர் உத்தரவில் ஓரிடத்தில்கூட இல்லை. என் பெயர் இருக்கிறது, மறுக்கப்பட்டவன் என்று.

உறையைத் தயாரிக்க வந்தவர்கள் விலகிவிட்டார்கள். டிசம்பர் முதல் என் மருத்துவமனையில் கால் கிளினிக் இருக்காது. மொத்தம் முப்பத்தெட்டு பேர். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்பவர்களிடம் உங்கள் முகவரியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் ஆபேல் தனசிங்


அஸ்தினாபுரம்
12 நவம்பர் 2007

ஆபேல்,

‘நீங்கள்’ என்று எழுதி அலுத்துவிட்டது. இனி நீதான். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

உத்தரவை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன். டாக்டர் இறந்த பிறகு அவ்வளவு ருசியாக நான் காபி குடித்ததில்லை. மறைக்க மாட்டேன். நீ தோற்றது எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது. மூன்றாம் முறை கடைசிப் பத்தியைப் படித்தபோது மீதிக் காபி ஆறிவிட்டிருந்தது.

உன் முப்பத்தெட்டு பேரில் பதினாறு பேர் வந்தார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. பட்டாசுச் சத்தத்தில் காலிங்பெல் எனக்குக் கேட்கவில்லை, கேட்டைத் தட்டினார்கள். எனக்கு ஆத்திரம் உன் மேல்தான். ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. ஒருத்தி உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அடுத்த கண்ணு எப்பம்மா?” என்றாள். ஏதோ ஒரு சனிக்கிழமை கேட்ட குரல் போலவே இருந்தது. “வெள்ளிக்கிழமை” என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வெள்ளிக்கிழமை என்று உறைத்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆட்டோ பிடித்துக் குன்றத்தூருக்குப் போனேன். அமீருதீன் வீடு மலைக்குப் போகிற சாலையில், பூக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். குல்ஷன் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கால் இன்னும் கொஞ்சம் பெரிது. ஆனால் செருப்புப் போடுகிற கால்.

“வாங்கம்மா. டாக்டரம்மாதானே? பாத்துக்கீறேன் உங்கள. மாடியிலேர்ந்து எட்டிப் பாப்பீங்க. கீழ மட்டும் எறங்க மாட்டீங்க.”

“கீழ நடக்கிறதை நான் மேல உக்காந்து எழுதுவேன்.”

“அக்காங், எழுதிகினே இருப்பீங்க. என்னதான் எழுதுவீங்களோ, எங்க காலப் பத்தி.”

அமீருதீன், “சும்மா இரு குல்ஷன், வந்தவங்களாண்ட…” என்றார். அவள் பேசட்டும் என்றேன். அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் கீரையை நிறுத்தாமல் சொன்னாள். “மொதல்ல சார் எல்லாக் கண்ணையும் ஒண்ணாத்தாம்மா இறுக்கினாரு. உசுரு போச்சு. ‘மேல இறுக்கினா நீரு எங்க சார் போவும்? பேஸ்டு டியூபு கீழேர்ந்துதானே அமுக்கணும்’னேன். சார் சிரிச்சாரு. அப்பால சிரிக்கல. நாற்காலிய இழுத்துப் போட்டுகினு, இன்னொருவாட்டி சொல்லும்மான்னாரு.”

இதையெல்லாம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எதுக்கு சொல்லணும்? காலு கொறைஞ்சிது. ஆனா சார் ஒண்ணு சொன்னாரும்மா. ‘உன் பேரைப் புஸ்தகத்துல எழுதிட்டேன், அது எப்பவும் இருக்கும்’னாரு. எழுதினாராம்மா?”

அங்கே நான் பதில் சொல்லாமல் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்கிறேன். ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள உன்னைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியாது.

எழுதினார். 1981 செப்டம்பரில் அவர் கிறுக்கிய துண்டுத் தாளில் அவள் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. நான் பதிவேட்டில் எழுதியபோது மூன்றையும் விட்டுவிட்டேன். நோயாளிகள் சொல்வதெல்லாம் மருத்துவக் குறிப்பு ஆகாது, அதை ஒழுங்குபடுத்துவது என் வேலை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பிறகு தேடிய காரணம். அவர் ஒரே பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரை மூன்று முறை, அத்தனை சந்தோஷமாக எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் காரணம். எழுதி முடித்ததும் துண்டுத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். என் பதிவேட்டை அவர் திறந்து பார்த்ததே இல்லை. என் எழுத்தை அவ்வளவு நம்பினார்.

ஆகவே, சீட்டு உண்மை. அவர் என்னிடம் சொல்லாத விஷயம் இல்லை என்று எழுதினேன். அதுவும் உண்மை. சொன்னார், நான்தான் அடுப்பில் போட்டேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி மனுவில் நான் எழுதியது தவறு. கிண்டிக்கு அதைத் திருத்தி எழுதிப் போட்டுவிட்டேன். உத்தரவு வந்த பிறகு எதற்கம்மா என்று அந்தப் பியூன் கேட்டிருப்பான். தவறான தாள் என் பெயரில் ஓர் அலுவலகத்தில் இருக்கக் கூடாது.

நீ செய்ததை உனக்கு இருபத்துமூன்று வருடம் முன்பே நான் செய்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், நான் எடுத்த இடத்தில் என் பெயரைப் போடவில்லை. அந்த வித்தியாசத்தை நான் விடப்போவதில்லை. அது உனக்கும் எனக்கும் நடுவில் கடைசிவரை இருக்கும்.

இனி நடக்கப்போவதைக் கேள். டிசம்பர் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, கீழ்த்தளம் திறக்கிறது. டாக்டர் ஞானசௌந்தரி மாலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்றவள், யாருக்கும் பயப்படாதவள். நாடா கட்டச் சொல்லிக் கொடுக்கக் குல்ஷன் வருவாள். அமீருதீன் ஆறு உறைக்குத் தோல் வெட்டிவிட்டார். நீ கேட்ட உரிமை உனக்குக் கிடைத்திருந்தால் இதில் எதற்கும் உன் அனுமதி வேண்டியிருந்திருக்கும். மறுத்துவிட்டார்கள். இனி இதை யாரும் செய்யலாம். ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லை இந்த வருடம் நான் மிகவும் ரசிக்கிறேன்.

செய்முறையை ஒரே தாளில் அச்சடிக்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை எல்லா மருத்துவமனைக்கும் போகும். உன்னுடையதற்கும் ஒரு கட்டு வரும். மேலே, இம்முறையைச் சொன்னவர் குல்ஷன், அமீருதீனின் மனைவி, 1981 என்று இருக்கும். அடுத்த வரியில், அதைக் கேட்டுக்கொண்டவர் டாக்டர் அசரியா. அதற்கடுத்து, அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியவர் ரத்தினபாய் அசரியா. கடைசி வரியில் உத்தரவின் எண்ணும் தேதியும், காப்புரிமை கோரி மறுக்கப்பட்டவர் டாக்டர் ஆபேல் தனசிங் என்பதும் இருக்கும். இந்தச் சிகிச்சையோடு உன் பெயர் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டாய். சேர்ந்துவிட்டது.

அதை எடுத்துவிடச் சொல்லி நீ வருவாய், அல்லது ஜோவிதாவை அனுப்புவாய். வர வேண்டாம். யார் பெயரையும் நான் இனி எடுப்பதில்லை.

என் பதிவேடுகள் எனக்கு வேண்டும். இரண்டாம் பதிவேட்டில், 1981 செப்டம்பர் பக்கத்தில், ஓரத்தில் இடம் விட்டிருப்பேன். எப்போதும் விடுவேன். அங்கே அவள் பெயரை எழுதி, தேதி போட்டு, இது இவ்வளவு காலம் ஏன் இல்லை என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியும். சனிக்கிழமை தோறும் அவள் என் வீட்டுக்கு வரப்போகிறாள். இரண்டாவது முறை கேட்டால் என்னால் கீரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதினோரு பதிவேடுகளையும் எந்தத் தேதியில், யார் கையில் கொடுத்தனுப்புவாய்? ஃபோன் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.

ரத்தினபாய் அசரியா